முதியவரின் பச்சாத்தாபமும் திரைப்படமும்

1957ஆம் வருஷத்துக் கோடையில், முப்பத்தொன்பது வயதினரான இங்மர் பெர்க்மன், தம்மைவிட ஏறக்குறைய நாற்பது வருஷம் மூத்தவரான விக்டர் ஷோஸ்ட்ரமைக் காமிராவின் முன் நிறுத்தி, ‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ என்ற பெயரால் உலகமெங்கும் அறியப்பட்ட படத்தை எடுத்தார். ஷோஸ்ட்ரம் சாமானிய நடிகரல்லர். ஸ்வீடன் தேசத்துச் சினிமாவுக்கு அஸ்திவாரமிட்ட டைரக்டர்களில் தலையாயவர். 1921ஆம் வருஷப் பிறப்பன்று வெளியான ‘தி ஃபாண்டம் காரேஜ்’ என்னும் மௌனப் படத்தை, செல்மா லாகர்லோஃப் எழுதிய கதையைத் தழுவி அவரே டைரக்ட் செய்து, குடியால் குடும்பத்தைக் குலைத்துவிட்டுச் சாவின் வாசலில் நின்று தன் பாவங்களை எண்ணிக் கதறும் டேவிட் ஹோல்ம் என்னும் பாத்திரத்தையும் தாமே ஏற்றிருந்தார். பெர்க்மன் இளமையில் கண்டு, பிறகு ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து வந்த படம் அது. ஒரே பிலிமில் இரண்டு முறை ஒளி படச் செய்யும் தந்திரத்தால் அதில் ஆவியும் மரணத்தின் வண்டியும் ஊடுருவித் தெரியும்படி உலவின. முப்பத்தாறு வருஷங்களுக்குப் பின்பு, பெர்க்மனின் படத்தில், அதே மனிதர் அப்படிப்பட்ட தந்திரம் எதுவுமின்றி, தம்முடைய பால்யகாலத்துக் கோடை வீட்டுக் காட்சிக்குள் தம் கிழட்டு உடம்போடு அப்படியே நடந்து போய் நிற்கிறார். உடன்பிறந்தோரும் தாம் காதலித்த பெண்ணும் அன்றிருந்த வயதிலேயே இருக்கிறார்கள். அவர் ஒருவர்தாம் முதியவர். அவர் அங்கே நிற்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பச்சாத்தாபத்தைத் திரையில் காட்டுவதற்கு இதைவிட எளிய, இதைவிடக் கொடிய உபாயம் ஒன்று இன்றுவரையில் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தனித்து மூப்படைந்த ஒரு மனிதர், தாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் எண்ணி உள்ளூர மருகுவதைக் கதையாகக் கொண்ட படங்கள், மௌனப் பட காலந்தொட்டு இந்நாள்வரை இடையறாது வந்துகொண்டிருக்கின்றன. சினிமாவுக்குச் சொந்தமான காலம் வர்த்தமானம் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தால், இது சற்று வியப்பான சங்கதிதான். நாவலாசிரியர் தம் பாத்திரம் இரவெல்லாம் மனம் புழுங்கியது என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். காமிராவுக்கோ அந்தச் சலுகை கிடையாது. செய்த காரியத்தை அது காட்டும். செய்யாமல் விட்டதை எவ்விதம் காட்டும்? முதுமைப் பச்சாத்தாபத்தில் பெரும்பாகம் செய்யாமல் விட்டவற்றைப் பற்றியதாகவே இருப்பதால், இவ்வகைப் படம் எடுக்கத் துணிகிறவர் தம் கலையின் மிகப் பலவீனமான இடத்திலேயே கை வைக்கிறார். பழைய நினைவைக் காட்சியாக விரிப்பது, பின்னணியில் குரல் ஒன்றைப் பேசவிடுவது, கடிதம் படிப்பது என்று கையாளப்பட்ட வழிகள் பல. அவற்றில் பெரும்பாலானவை முதியவரைப் பார்த்து நாம் இரக்கப்படும்படி செய்கின்றனவே ஒழிய, அவருடைய குற்றத்தின் கனத்தை நம் மேல் இறக்குவதில்லை.

மேலே போகுமுன் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கிழவர் ஒருவர் திரையில் துன்பப்பட்டால் அந்தத் துன்பம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுவது விமர்சகர்களிடையே வழக்கமாகிவிட்டது. 1924இல் முர்னோ எடுத்த ‘தி லாஸ்ட் லாஃப்’ படத்தில், பெரிய ஹோட்டலின் வாயிற்காவலர் தமது பித்தளைப் பொத்தான் வைத்த உடுப்பைப் பறிகொடுத்துக் கழிவறைப் பணிக்குத் தள்ளப்படுகிறார். எமில் யானிங்ஸ் அந்தக் கூன் விழுந்த முதுகை நடித்த விதம் நெஞ்சைப் பிழிவதுதான் என்றாலும், அது அவமானத்தின் கதையே அன்றிப் பச்சாத்தாபத்தின் கதையன்று. 1952இல் வந்த விட்டோரியோ டி சிகாவின் ‘உம்பர்த்தோ டி’யும் அப்படியே. அதில் நடித்த கார்லோ பத்திஸ்தி தொழில் நடிகரல்லர். ஃபிளாரன்ஸ் சர்வகலாசாலையில் மொழியியல் பேராசிரியர். பென்ஷன் போதாமல் வாடகை பாக்கி விழுந்து, பிச்சை கேட்கலாமா என்று அந்தக் கனவான் நடுத்தெருவில் நின்று கை நீட்டிப் பார்க்கிறார்; வழிப்போக்கர் ஒருவர் காசு போட வரும் க்ஷணத்தில், மழை தூறுகிறதா என்று பார்ப்பவரைப் போல உள்ளங்கையைச் சட்டென்று கவிழ்த்துவிடுகிறார். இந்த ஒரு செய்கையில் அடங்கியிருக்கும் மானத்தை எத்தனை பக்கம் எழுதினாலும் ஈடு செய்ய முடியாது. ஆயினும் அவர் யாருக்கும் தீங்கிழைத்தவரல்லர். அவருக்குத் தீங்கிழைத்தவர்கள் உலகத்தார். நம்மிடையே பாலு மகேந்திரா 1989இல் எடுத்த ‘சந்தியா ராகம்’, சொக்கலிங்க பாகவதரின் சுருக்கம் விழுந்த முகத்தைக் கொண்டு, மனைவியை இழந்து பட்டணத்துக்கு வந்து சேரும் கிழவரின் ஏகாந்தத்தைச் சொன்னதும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. இவர்களெல்லாரும் பிறரிடம் வரவேண்டிய பாக்கியுள்ளவர்கள். நாம் பார்க்க வந்திருப்பதோ, பிறருக்குத் தீர்க்க வேண்டிய கடனோடு வயசாகிப் போனவர்களை.

கடன் என்று சொல்வது வெறும் அலங்காரமன்று. பெர்க்மனின் படமே அதை அப்படித்தான் நடத்துகிறது. டாக்டர் ஈசாக் போர்க், பட்டம் பெற்று ஐம்பது வருஷம் நிறைவுற்றதற்காக லுண்ட் சர்வகலாசாலை தமக்களிக்கும் கௌரவத்தைப் பெற, ஸ்டாக்ஹோமிலிருந்து காரில் பிரயாணப்படுகிறார். உடன் வருகிறவள் மருமகள் மரியான். பிரயாணம் தொடங்கிச் சிறிது நேரத்துக்கெல்லாம் அவள் ஒரு சங்கதியை எடுக்கிறாள்: மகன் ஏவால்ட் பல வருஷங்களுக்கு முன்பு வாங்கிய கடனைத் தகப்பனார் இன்னமும் வசூலித்துக்கொண்டிருக்கிறார். வாக்கு வாக்குத்தான், ஏவால்டுக்கு அது புரியும், அவன் என்னை மதிக்கிறான் என்கிறார் கிழவர். மதிக்கிறார், கூடவே வெறுக்கவும் செய்கிறார் என்று அவள் குரலை உயர்த்தாமல் பதில் சொல்கிறாள். முள்ளில்லாத கடிகாரமும், கதவுகள் அடைத்த தெருவும், சவப்பெட்டிக்குள்ளிருந்து தம் கையையே பற்றி இழுக்கும் தம்முடைய பிரேதமுமாக வரும் அந்தப் பிரசித்தி பெற்ற கனவைப் பற்றி எழுதாதவர் இல்லை. என் கணக்கில் அந்தக் கனவைவிடக் காருக்குள் நடக்கும் இந்தச் சம்பாஷணை உயர்ந்தது. ஏனெனில் கனவு கிழவருடையது. கணக்கைச் சொல்கிறவள் இன்னொருத்தி. குற்றவாளி தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும்போது தீர்ப்பு ஓரளவு அவனுக்குச் சாதகமாகவே சாயும். எதிராளி அருகில் அமர்ந்து சிகரெட் பற்றவைக்க அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்படிச் சாய வழியில்லை.

கடைசியில், கௌரவமெல்லாம் முடிந்து இரவு படுக்கையில் கிடக்கும் போர்க், மகனைக் கூப்பிட்டுக் கடனைத் தள்ளிவிடுவதாகச் சொல்லத் தொடங்குகிறார். வாக்கியம் முடியுமுன், உங்கள் பணம் உங்களுக்கு வந்து சேரும் என்று மகன் குறுக்கிட்டுவிடுகிறான். கிழவர் சொல்ல வந்தது அதுவன்று. ஆனால் ஆயுள் முழுவதும் ஒரே விஷயத்தைப் பேசி வந்த வாயிலிருந்து வேறொன்று வரும் என்று மகன் எதிர்பார்க்க நியாயமில்லை. சமாதானப் படமென்று பலராலும் கொண்டாடப்படும் இந்தச் சித்திரத்தின் நடுவில் சமாதானம் கைநழுவிப் போகும் இந்த இடம் ஒன்று இல்லாதிருந்தால், மீதியெல்லாம் வெறும் இனிப்பாக இருந்திருக்கும்.

இதற்கு ஐந்து வருஷம் முன்னதாக, 1952இல், ஜப்பானில் அகிரா குரோசவா எடுத்த ‘இகிரு’ முற்றிலும் வேறொரு வழியைக் கண்டது. டோல்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ அதற்குத் தூண்டுகோல். நகரசபை அலுவலகத்தில் ஓர் இலாகாவின் தலைவரான வாதனாபே, முப்பது வருஷகாலம் ஒரு நாள்கூட லீவெடுக்காமல் காகிதங்களில் முத்திரை குத்திவந்தவர். தமக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிந்தபின் எதைச் செய்வது என்று திகைத்து, குடிக்கூடம், நடனக்கூடம் என்று ஓர் இரவு முழுவதும் அலைந்து, அலுவலகத்திலிருந்து விலகிப் பொம்மைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தியின் சிரிப்பில் ஒட்டிக்கொள்ளப் பார்த்து, முடிவில் கழிவு நீர் தேங்கிய ஒரு பள்ளத்தைக் குழந்தைகள் விளையாடும் பூங்காவாக மாற்றிவிட்டு மடிகிறார். இம்மட்டில் சொன்னால் இது நீதிக்கதை. குரோசவாவும் உடனெழுதிய ஹாஷிமோட்டோ, ஒகுனி இருவரும் செய்த சாமர்த்தியம் என்னவென்றால், கதாநாயகரைப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடியுமிடத்தில் கொன்றுவிட்டு, பூங்கா கட்டிய கதையை அவருடைய துக்க வீட்டில் கூடியிருக்கும் சக உத்தியோகஸ்தர்களின் வாயால் துண்டு துண்டாகச் சொல்ல வைத்ததுதான்.

அந்தத் துக்க வீட்டுக் காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துணை மேயர் வந்து பூங்காவின் பெருமையைத் தமக்கே எடுத்துக்கொண்டு பேசுகிறார். அந்த வட்டாரத்து ஏழைப் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்து, யாரோடும் பேசாமல் இறந்தவரின் படத்தின் முன் ஊதுவத்தி கொளுத்தி அழுதுவிட்டுப் போகிறார்கள். துணை மேயரின் முகத்தில் அசடு வழிகிறது. அவர் எழுந்து போனதும் மது ஏற ஏற மற்றவர்களின் நாக்கு அவிழ்கிறது. தமக்குப் புற்றுநோய் என்று வாதனாபேக்குத் தெரியுமா, தெரியாதா என்று விவாதம் நடக்கிறது. அன்றிரவு சபதமெல்லாம் செய்துவிட்டு, மறுநாள் எல்லாரும் பழைய நாற்காலிகளில் பழையபடியே உட்கார்ந்துகொள்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவே ஒரு மூலையில் மகன் மித்சுவோ இருக்கிறான். சேமிப்புப் புத்தகமும் முத்திரையும் ஓய்வுப் பணத்துக்கான காகிதங்களும் மாடிப்படியின் கீழே தனக்காக வைக்கப்பட்டிருந்ததை அவன் கண்டிருக்கிறான்; தகப்பனார் நோயைத் தன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டாரே என்று மனைவியிடம் முறையிடுகிறான். இளம்பெண் ஒருத்தியுடன் ஊர் சுற்றுவதாகத் தப்பர்த்தம் செய்துகொண்டு அவரிடம் சொத்துக் கணக்கைப் பேசியவன் அவன்தான். ஆகவே படம் முடிகிறபோது பச்சாத்தாபம் கிழவரைவிட்டு இறங்கி மகனுடைய தோளில் ஏறிவிடுகிறது. தாம் கட்டிய பூங்காவில் பனியில் ஊஞ்சலாடிப் பாடும் வாதனாபேயைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கோ மித்சுவோவே இந்தப் படத்தின் உண்மையான கைதியாகத் தோன்றுகிறான். 2022இல் கசுவோ இஷிகுரோ திரைக்கதை எழுத, ஆலிவர் ஹெர்மனஸ் இதையே லண்டன் நகரசபைக்கு மாற்றி ‘லிவிங்’ என்று எடுத்தார். பில் நை வெகு நேர்த்தியாக நடித்திருந்தும், துக்க வீட்டின் அந்தக் கசப்பு மிகவும் மட்டுப்பட்டுப் போனதால் படம் கண்ணியமாக இருக்கிறதே தவிரக் கடிப்பதில்லை.

‘இகிரு’ எடுத்தபோது குரோசவாவுக்கு வயது நாற்பத்திரண்டு. வாதனாபேயாக நடித்த தகாஷி ஷிமுராவுக்கு நாற்பத்தேழு. பெர்க்மனுக்கு முப்பத்தொன்பது. ‘ஜல்சாகர்’ எடுத்த சத்யஜித் ரேக்கு முப்பத்தேழு. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு சந்தேகம் எழாமல் போகாது. திரையில் பச்சாத்தாபப்படும் கிழவரைப் பெரும்பாலும் படைத்தவர்கள் கிழவர்களல்லர், பிள்ளைகள். தகப்பனார் என்றாவது ஒரு நாள் திரும்பிப் பார்த்து, தாம் நடந்துகொண்ட விதத்துக்கு வருந்துவார் என்று காத்திருப்பவனின் ஆசைதான் இத்தகைய கதைகளில் பலவற்றுக்கு வித்து. பெர்க்மனே பின்னாளில் எழுதிய நூலில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்: பாதிரியாரான தம் தகப்பனாருடனும் தாயாருடனும் மனஸ்தாபம் முற்றியிருந்த அந்தக் காலத்தில், வெளித்தோற்றத்தில் தந்தையை ஒத்த, உள்ளே முழுக்கத் தாமேயான ஒரு மனிதரை உண்டாக்கி, அந்தப் படத்தின் வழியாகப் பெற்றோரிடம் மன்றாடிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். ஆனால் ஷோஸ்ட்ரம் அந்தப் படத்தைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றும் அவரே சொல்கிறார். இதுதான் கவனிக்கத் தக்கது. மகன் எழுதிய மன்றாட்டை முதியவர் ஒருவர் தம் சொந்த உடம்பால் நடித்தபோது, மகன் அறியாத ஏதோ ஒன்று அதில் வந்து சேர்ந்துவிட்டது.

ஜப்பானின் யசுஜிரோ ஓசு இந்தக் கணக்குக்குள் அடங்காதவர் போலத் தோன்றுவார். அடங்குகிறார் என்றே நினைக்கிறேன். கலியாணமே செய்துகொள்ளாமல், தாயார் 1962இல் காலமாகும்வரை அவரோடு வாழ்ந்தவர் அவர். அதாவது, ஐம்பத்தெட்டு வயது வரையில் பிள்ளையாகவே இருந்தவர். அவருடைய கடைசிப் படமான ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ அதே வருஷத்தில் வந்தது. மனைவியை இழந்த ஹிராயமா, வீட்டு வேலையெல்லாம் செய்துவரும் மகளைக் கட்டிக்கொடுக்க மனம் வராமல் நாளைக் கடத்துகிறார். இவருக்குப் பச்சாத்தாபம் இன்னும் வரவில்லை, வரப்போகிறது. அதை ஓசு எப்படிக் காட்டுகிறார் என்றால், அந்தப் பச்சாத்தாபத்தை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்துவிடுகிறார். பழைய மாணாக்கர்கள் தங்கள் வாத்தியாருக்கு விருந்து வைக்கிறார்கள். சுரைக்காய் என்று அந்நாளில் பட்டப்பெயர் சூட்டப்பட்ட அந்த வாத்தியார், விலாங்கு இனத்து மீன் ஒன்றை வாழ்நாளில் முதன்முறையாகச் சுவைத்து மகிழ்ந்து, மிதமிஞ்சிக் குடித்துவிடுகிறார். வீட்டில் கொண்டுவிடப் போகும் மாணாக்கர்கள், அவர் இப்போது நொடித்துப்போன நூடுல்ஸ் கடை ஒன்றை நடத்துவதையும், தம் சௌகரியத்துக்காகக் கலியாணம் செய்யாமல் வைத்துக்கொண்ட மகள் முகம் கடுத்து நடுவயதை எட்டிவிட்டதையும் பார்க்கிறார்கள். தள்ளாடி வந்த தகப்பனைக் கண்டு அந்த மகள் தனியே உட்கார்ந்து அழுகிறாள். பின்னோக்கு ஒன்றுகூட இல்லாமல் முப்பது வருஷக் குற்றம் அங்கே விளங்கிவிடுகிறது. ஹிராயமா பயந்து மகளைக் கட்டிக்கொடுத்துவிடுகிறார். அதுவும் அவள் மனத்தில் இருந்தவனுக்கு அல்ல. கலியாணத்தன்று இரவு கறுப்பு உடையோடு மதுக்கடைக்கு வருபவரைப் பார்த்து, துக்க வீட்டிலிருந்து வருகிறீர்களா என்று கடைக்காரி கேட்க, அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஹிராயமாவாக நடித்த சிஷு ரியூவிடம், 1949இல் எடுத்த ‘லேட் ஸ்பிரிங்’ படத்தின் முடிவில் வாய்விட்டு அழும்படி ஓசு கேட்டதாகவும், தம்மால் இயலாது என்று ரியூ மறுத்ததாகவும் சொல்வார்கள். அங்கே ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்த கை நின்று தலை கவிழ்கிறது, அவ்வளவே. நடிகர் மறுத்தது படத்தின் பாக்கியம்.

வங்காளத்து ஜமீன்தார் விஷயம் வேறு. தாராசங்கர் பந்தோபாத்யாயவின் கதையை 1958இல் ரே ‘ஜல்சாகர்’ ஆக்கியபோது, முர்ஷிதாபாத் ஜில்லாவில் பத்மா நதிக்கரையிலிருந்த நிம்திதா அரண்மனையை இடமாகத் தேர்ந்தார். கதைக்கு மூலமான ஜமீன்தார் அதே குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது பிற்பாடே அவருக்குத் தெரிய வந்தது. சபி பிஸ்வாஸ் நடித்த பிஸ்வம்பர் ராய், தாம் நடத்தவிருக்கும் கச்சேரிக்காக, ஊருக்குப் போயிருந்த மனைவியையும் மகனையும் அவசரமாகத் திரும்பி வரச் சொல்லி ஆளனுப்ப, வருகிற வழியில் படகு புயலில் கவிழ்ந்து இருவரும் மாண்டுபோகிறார்கள். கச்சேரி மேடையில் சலாமத் அலி கான் பாடிக்கொண்டிருக்கையில், ஜமீன்தார் கையிலிருக்கும் கோப்பைக்குள் ஒரு பூச்சி விழுந்து தத்தளிக்கிறது; அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு சங்கீத அறை பூட்டப்படுகிறது. இதுவரை பச்சாத்தாபம். ஆனால் வருஷங்கள் கழித்து, வட்டிக்கடைக்காரன் மகன் மஹிம் கங்கூலி தன் புது வீட்டில் கச்சேரி வைக்கிறான் என்றதும், மிச்சமிருக்கும் பணத்தையெல்லாம் துடைத்தெடுத்து, அதே அறையைத் திறந்து, அதே தவற்றைச் செய்ய ஆயத்தமாகிவிடுகிறார். வருந்துவது திருந்துவதற்கு ஈடாகாது என்ற உண்மையை இவ்வளவு நிர்த்தாட்சண்யமாகச் சொன்ன படம் அந்தத் தசாப்தத்தில் வேறில்லை. இசையில் இந்தப் பாத்திரம் கரைந்துபோக வேண்டியிருக்க, சபி பிஸ்வாஸுக்கோ சங்கீதக் காது அறவே கிடையாது என்று ரே எழுதியிருப்பதைப் படித்தபின், அந்த முகத்தில் தெரியும் லயிப்பைக் காணும்போதெல்லாம் நடிப்பென்பது என்ன என்ற மலைப்புத்தான் மேலிடுகிறது.

தமிழில் 1985இல் பாரதிராஜா எடுத்த ‘முதல் மரியாதை’ இந்த வரிசையில் இடம் பெறத் தகுந்தது. ஆற்றங்கரைக் குடிசையில் சாகக் கிடந்து ஒருத்தியின் வருகைக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஊர்ப் பெரியவர் மலைச்சாமியில் தொடங்கி, பின்னோக்கிச் சென்று கதை சொல்கிறது அது. பின்னோக்கு பலவீனமான உபாயம் என்று மேலே சொன்னேன். இங்கே அதைக் காப்பாற்றுபவை இரண்டு. ஒன்று, ஐம்பத்தாறு வயதில் தம் பழைய கம்பீர வசனங்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் சிவாஜி கணேசன் கொடுத்த அடக்கம். மற்றொன்று இளையராஜாவின் பாட்டு: மலைச்சாமி வாய்திறந்து சொல்லாததை மலேசியா வாசுதேவனின் குரல் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தப் பெரியவர் வருந்துவது பிறர் மானத்துக்காகத் தம் வாழ்வைக் கொடுத்துவிட்டதற்கே ஆதலால், அவரும் கடன்பட்டவர் என்பதைவிடக் கடன் கொடுத்தவராகவே நிற்கிறார். நமது கதாநாயகர்களைக் குற்றவாளிகளாக்க நம் திரைக்கு மனம் வருவதில்லை.

அமெரிக்காவில் டேவிட் லிஞ்ச் 1999இல் எடுத்த ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமல் விடவும் கூடாது. எழுபத்துமூன்று வயதான ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்பவர், பக்கவாதத்தில் விழுந்த அண்ணனோடு பிணக்கைத் தீர்த்துக்கொள்ள, 1994இல் அயோவாவிலிருந்து விஸ்கான்ஸினுக்குச் சுமார் 240 மைல், புல்வெட்டும் வண்டியில் போனது நடந்த கதை. அவராக நடித்த ரிச்சர்டு ஃபார்ன்ஸ்வொர்த், அந்த வேளையில் புற்றுநோயின் வேதனையோடு நடித்து, அடுத்த வருஷம் மறைந்தார். மதுக்கடையில் மற்றொரு பழைய சிப்பாயிடம், யுத்தத்தில் தம் படையைச் சேர்ந்த ஒருவனையே தவறுதலாகச் சுட்டுக்கொன்றதைச் சொல்லுமிடத்தில், லிஞ்ச் பழைய யுத்தத்தைப் படமாக்கிக் காட்டாமல், இரண்டு கிழவர்களின் முகத்தை மட்டும் காட்டியது உயர்ந்த தீர்மானம். பழைய விமான, வெடிச் சத்தம் மாத்திரம் எங்கோ மெல்லக் கேட்கிறது.

இனி, மகன்களாக இருந்து இந்தக் கதையைச் சொன்னவர்கள் தாமே முதியவர்களான பிறகு என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் ரஸமான கேள்வி. குரோசவா தம் எழுபத்தைந்தாவது வயதில், 1985இல், ‘ரான்’ எடுத்தார். ஊர்களை எரித்து வம்சங்களை அழித்து ராஜ்யம் சேர்த்த ஹிதெதோரா, மூப்பில் மக்களால் கைவிடப்பட்டுப் பித்தாகித் திரிகிறார். அதற்குச் சற்று முன்னதாக, தாம் எவளுடைய பெற்றோரைக் கொன்று கோட்டையைக் கொளுத்தினாரோ அந்தப் பெண்ணான, இப்போது தம் மருமகளாயிருக்கும் சுவேயைக் காண்கிறார். அவள் புத்தரை வேண்டிக்கொண்டு அவரைச் சாந்தமாகப் பார்க்கிறாள். வெறுத்துப் பார், அதைத் தாங்கிக்கொள்வது இதைவிட எளிது என்று கெஞ்சுகிறார் கிழவர். நாற்பத்திரண்டு வயதில் ஒரு பூங்காவைக் கட்டி முடித்தால் கணக்குத் தீரும் என்று நம்பியவர், எழுபத்தைந்தில் மன்னிப்பே தண்டனையாகிவிடுவதைப் பார்த்துவிட்டார்.

மார்ட்டின் ஸ்கார்செஸி எழுபத்தேழை எட்டிய 2019இல் வந்த ‘தி ஐரிஷ்மேன்’ இதற்கும் அப்பால் போகிறது. கூலிக்குக் கொலை செய்துவந்த ஃபிராங்க் ஷீரன், முதியோர் விடுதியில் பாதிரியார் கேட்கிற கேள்விகளுக்கு, தமக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று உண்மையாகவே பதில் சொல்கிறார். தகப்பன் மளிகைக்காரன் ஒருவனைத் தெருவில் போட்டு மிதித்ததைச் சிறுமியாக நின்று பார்த்த மகள் பெக்கி, மூன்றரை மணி நேரப் படத்தில் சொற்பமான வார்த்தைகளே பேசுகிறாள்; அவளுக்கு வசனம் போதவில்லை என்று சிலர் குறைபட்டுக்கொண்டது எனக்கு விளங்கவேயில்லை. கிழவர் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு அவள் வேலை செய்யும் பாங்கிக்குப் போய் வரிசையில் நிற்கிறார். முறை வந்ததும் அவள் ஜன்னலில் மூடப்பட்டது என்ற பலகையை வைத்துவிட்டு எழுந்து போகிறாள், அவர் கூப்பிடுகிறார், அவள் திரும்புவதில்லை. பச்சாத்தாபம் என்ன என்றே அறியாத மனம், அது தேவைப்படும் இடத்தில் வந்து நின்று தடவித் தேடுவதை ராபர்ட் டி நீரோ நடித்திருக்கிறார். இளமைக் காட்சிகளுக்காகக் கம்ப்யூட்டரால் முகத்தைச் சலவை செய்தது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. அந்தப் பாங்கிக் காட்சிக்காக அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பெர்க்மன் எண்பத்தைந்தாவது வயதில், 2003இல், ஸ்வீடன் டெலிவிஷனுக்காக எடுத்த ‘சரபாண்ட்’ அவருடைய கடைசிப் படம். எர்லாண்ட் யோசப்சன் நடித்த ஜொஹான் என்னும் எண்பதைத் தாண்டிய கிழவரிடம், அறுபத்தொரு வயதான மகன் ஹென்ரிக், தன் மகளுக்கு நல்ல செல்லோ வாங்குவதற்காக, வரப்போகும் பிதுரார்ஜிதத்திலிருந்து முன்பணம் கேட்க வருகிறான். நாற்பத்தாறு வருஷங்களுக்கு முன்பு ஈசாக் போர்க் இரவில் தள்ளுபடி செய்ய நினைத்த அதே விவகாரம். அதே தகப்பன், அதே மகன், அதே பணம். ஆனால் இந்தக் கிழவர் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு மகனை அவமானப்படுத்துகிறார், இவன்மீது எனக்குள்ள வெறுப்பு எவ்வளவு என்பதை ரஸித்துச் சொல்கிறார். பின்னொரு நாள் நள்ளிரவில் காரணம் தெரியாத பீதி அவரை எழுப்பி, நடுங்கிக்கொண்டே பழைய மனைவி மரியானின் அறைக்கு விரட்டுகிறது. அப்போதும் வருந்துகிறேன் என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. மன்றாடும் மகனாக இருந்து எழுதியபோது தகப்பனுக்கு இரக்கத்தைக் கொடுத்தவர், தகப்பனின் வயதை அடைந்தபின் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார்.

என் வாதத்துக்குக் குரோசவாவே இடைஞ்சலாக ஒரு படத்தை விட்டுச் சென்றிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்பத்துமூன்று வயதில் அவர் எடுத்த கடைசிப் படமான ‘மதாதாயோ’வில் வரும் எழுத்தாளர் உச்சிதா ஹியாக்கென் என்னும் முதிய வாத்தியாருக்கு வருத்தம் என்று ஒன்றிருந்தால் அது காணாமல் போன பூனையைப் பற்றியதுதான். பழைய மாணாக்கர்கள் வருஷந்தோறும் விருந்து வைக்கிறார்கள், ஓசுவின் சுரைக்காய் வாத்தியார் குடித்தது போல இவரும் குடிக்கிறார், யாரும் அழுவதில்லை. இதை ஞானத்தின் கனிவு என்பாருண்டு. படம் முழுவதும் அந்த வாத்தியாருக்கு ஒரு மகனோ மகளோ இல்லை என்பதையும், அவர் மனைவி ஓரத்தில் புன்னகையோடு பரிமாறிக்கொண்டே இருப்பதையும் கவனித்தால், கணக்கைக் கேட்கக்கூடியவர்களை வீட்டுக்குள் விடாமலே குரோசவா கதையை முடித்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.